கையோட வாங்கு

கண்ணாடிக் கடையை விட்டு வெளியே வந்ததும் ஜெயந்தா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்து நடந்தால் யாழ்ப்பாணத்துக் கடைகள் தெரியும். கடைகள் தெரிந்தால் மடு போய்விடும்.

விஷயம் இதுதான். ஆவணித் திருவிழாவுக்கு மடுமாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்று வருடா வருடம் நெடுந்தீவில் இருந்தபடி அவள் ஆசைப்படுவாள். மன்னாரில் கலியாணம் முடித்துப் போன தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழவும் அந்தத் திருவிழாதான் வசதி. ஆனால் மடுவுக்கென்று ஒதுக்கிய காசு ஆடி மாதத்துக்குள் வேறு ஏதாவதாக மாறிவிடும். போன வருடம் அது பிளாஸ்ரிக் புல் விரிப்பாக மாறியது. வாசலில் விரித்த கையோடு பக்கத்து வீட்டு மாடு வந்து அதைத் தின்னப் பார்த்தது. அதற்கு முந்திய வருடம், பற்றரியில் மீன் செதிள் சுரண்டும் மெஷின். பிறந்ததிலிருந்து கடலோடு கிடக்கும் அவள் புருஷன் அன்ரனிதாஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை மூலையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

இந்த வருடம் வாயைத் திறந்தான்.

"இஞ்ச பார் ஜெயந்தா. யாழ்ப்பாணம் போய் என்ர கண்ணாடியைத் திருத்திக்கொண்டு வா. கண்ணாடியோட மட்டும் வா. வேற ஒரு சாமான் கையில கிடந்தால் மடு இல்லை, சொல்லிப்போட்டன்."

"அவசரத்துக்கு ஏதும் தேவைப்பட்டால்?"

"படம் எடுத்து அனுப்பு. நான் வாங்கு எண்டு சொன்னால் வாங்கு."

"நீங்கள் எப்ப அப்பிடிச் சொல்லியிருக்கிறியள்?"

"அதுக்குத்தான் சொன்னனான்."

ஆகவே அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்ராண்ட் அந்தா தெரிகிற தூரம். கண்ணைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். மூடியிருந்ததால் றொமேஷின் கடைவாசலில் அடுக்கியிருந்த பேசின் எல்லாவற்றையும் சரித்துக்கொண்டு போய் விழுந்தாள்.

"ஐயோ அக்கா! கண்ணைத் திறந்து நடவுங்கோவன்!"

திறந்தாள். மூக்குக்கு நேரே ஓர் இடியப்ப உரல். நீல நிறம். கைபிடியைச் சுழற்றினால் இடியப்பம் தானாக விழுமாம்.

"கையே நோகாது அக்கா. ஒருக்கா சுத்திப் பாருங்கோ."

"வேண்டாம் தம்பி. நான் மடுவுக்குப் போகோணும்."

"அப்ப மடுவில கூடாரம் அடிச்சுச் சமைக்க மாட்டியளோ? இடியப்பம் அவிக்க மாட்டியளோ?"

பாவி, சரியான இடத்தில் போட்டான். ஜெயந்தா அவசரமாகப் படம் எடுத்து அனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வரும், மனம் ஆறிப் பஸ் ஏறிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

போன் கிணுங்கியது.

"வாங்கு."

ஜெயந்தா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். போனைத் திருப்பி றொமேஷிடம் காட்டினாள்.

"தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

"வாங்கு எண்டு கிடக்கு. அண்ணை தங்கமான மனுசன் போல."

நம்ப முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். நெடுந்தீவில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அன்றைக்கு அது போகத்தான் நினைத்திருந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று, "எத்தனை?" என்று எழுதினாள்.

"நாலு வாங்கு."

"நாலோ?" ஜெயந்தாவுக்குத் தலை சுற்றியது. "எனக்கு ஒண்டு, தங்கச்சிக்கு ஒண்டு, மாமிக்கு ஒண்டு. நாலாவது ஆருக்குத் தம்பி?"

"கிடந்தால் பழுதாகிற சாமானே அக்கா?" என்று றொமேஷ் நாலையும் கட்டத் தொடங்கினான்.

காசைக் கொடுத்த பிறகு பயம் பிடித்தது. மனுசனுக்குக் காய்ச்சல் ஏதும் கண்டிருக்குமோ? "வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?" என்று எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "முதிரையில வாங்கு."

"கடவுளே! இது பிளாஸ்ரிக்! அவர் முதிரை மரத்தில கேக்கிறார். தம்பி, இதுகளைத் திருப்பி எடும்."

"வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லை அக்கா. ஆனால் முதிரை உரல் விக்கிற கடை பின் தெருவில கிடக்கு. எங்கட மாமாதான்."

மாமாவின் கடையில் உரல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கைக்குழந்தைப் பாரம். விலையைக் கேட்டதும் ஜெயந்தா பக்கத்தில் இருந்த சாக்கின் மேல் இருந்துவிட்டாள். இருந்தபடியே எழுதினாள்: "விலை சரியான கூட. என்ன செய்ய?"

"நீட்டு வாங்கு."

"நீட்டட்டாம், வாங்கட்டாம்," என்றாள் கடைக்கார மாமாவிடம். "காசை நீட்டட்டாம்."

"குடுத்து வைச்ச பெம்பிளை நீங்கள்," என்றார் அவர், கையை நீட்டியபடி.

இப்போது எட்டு உரல். இரண்டு கை. தூக்கிப் பார்த்தாள், ஏலாது. சில்லு வைத்த பெரிய பயணப்பை ஒன்று மாமாவின் கடையிலேயே தொங்கியது. வேண்டாம், அதைப் பேந்து பார்ப்போம், சாக்கில் கட்டி இழுத்துக்கொண்டு போவோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்ட அந்த நேரத்தில்தான் மறுபடி போன் கிணுங்கியது.

"கையோட வாங்கு."

அதோடு ஜெயந்தாவின் கட்டுப்பாடு கழன்று விழுந்தது. பேந்து கீந்து என்ற கதையே வேண்டாமாம்! உடனே வாங்கட்டாம்! பயணப்பை வாங்கினாள். மடுவுக்குக் கூடாரம் வேண்டும், வாங்கினாள். கூடாரத்துக்குள் புழுங்கும், பற்றரி விசிறி வாங்கினாள். தேத்தண்ணி ஆறிப்போகும், பிளாஸ்க் வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும், "என்ர மனுசன் சொல்லிப்போட்டார்," என்று கடைக்காரருக்கு விளக்கமும் கொடுத்தாள். விளக்கம் கேட்டவர் ஒருவருமில்லை.

ஓட்டோ, பஸ், குறிகட்டுவானில் படகு என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி, பொழுது சாய நெடுந்தீவு வந்து சேர்ந்தாள். இறங்குதுறையில் அன்ரனிதாஸ் நின்றான். கண்ணாடி இல்லாமலே அவனுக்கு அந்தப் பயணப்பை தெரிந்தது.

"என்னடி இது?"

"நீங்கள் சொன்ன சாமான்தான்."

"நான் சொன்னனானோ? உனக்கென்ன விசரோ?" துறையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "மடு முடிஞ்சுது! இந்த வருசமும் இல்லை, வாற வருசமும் இல்லை! கதையை விடு!"

தங்கச்சியின் முகம் ஜெயந்தாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வர, கைப்பையைத் திறந்து, திருத்திய கண்ணாடியை எடுத்து, அவன் மூக்கில் அவளே மாட்டிவிட்டாள். போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாசியுங்கோ! எல்லாரும் கேக்க வாசியுங்கோ!"

"வாங்கு," என்று அதட்டலாகத் தொடங்கினான் அன்ரனிதாஸ். "நாலு வாங்கு." குரல் இறங்கியது. "முதிரையில வாங்கு." இன்னும் இறங்கியது. "நீட்டு வாங்கு" என்பது உதட்டோடு நின்றது. கடைசி வரியை அவன் வாசிக்கவேயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தான்.

"இது உங்கட நம்பர்தானே?"

"ஓம்."

"நீங்கள்தானே போட்டனீங்கள்?"

"ஓம்... நான்தான் போட்டனான்."

"அப்ப மடு?"

"போவம்."

"இந்தச் சாமான் எல்லாம்?"

"கிடக்கட்டும். நல்ல சாமான்கள்தான். நீ வா, கெதியா வீட்டை போவம்." சொல்லிவிட்டுப் பயணப்பையை அவனே பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

ஜெயந்தா உருகிப்போனாள். இத்தனை பேருக்கு முன்னால் பெண்சாதிக்காகத் தோற்றுப்போகிற மனுசன் இந்தத் தீவில் வேறு யார் இருக்கிறான்? இப்படிப்பட்டவனின் காசையா இவ்வளவு காலமும் புல் விரிப்பிலும் செதிள் மெஷினிலும் கொண்டுபோய்க் கொட்டினாள்? வெட்கத்தில் கண் கலங்கியது.

"இஞ்சேருங்கோ, மாதா சாட்சியாச் சொல்லுறன், இனி நான் ஒரு சாமானும் வாங்கமாட்டன்."

"ஓம் ஓம். பேந்து கதைப்பம், நட, நட."

பயணப்பையின் சில்லு கல்லில் தடக்கித் தடக்கி உருண்டது. அவன் ஓடாத குறையாக இழுத்தான். அப்போதுதான் படகில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த வின்சன்ற் கையை வாயருகே குவித்துக் கத்தினான்.

"அன்ரனியண்ணை, எங்க ஓடுறியள்? எழுதினது ஒண்டும் தனக்கு வரேல்லையாம், கண்ணாடி இல்லாமல் ஆருக்கு அனுப்பினியளோ எண்டு மரவேலை செய்யிற சரவணை ஓடாவியார் கேட்டுவிட்டவர். ஆனால் மலிவெண்டு போனில பேசிப் பிடிச்ச நாலு வாங்கும், அதுதான் அந்த மரப் பெஞ்சுகள், ஏத்தி விட்டிருக்கிறார், வந்து குந்திப் பாருங்கோ, கால் ஆடினால் திருப்பி எடுப்பாராம்!"