பூச்சி அண்ணாச்சிக்கு டெல்லி போர்த்திய பொன்னாடை

கல்யாணப் பந்தி, சலூன், டீக்கடை, சாவு வீடு ஆகிய நான்கு இடங்களிலும் "இந்த நாடு ஆராய்ச்சிக்கு என்னத்தவே ஒதுக்குது?" என்ற ஒரே கேள்வியை ஒரே கோபத்தோடு கேட்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆராய்ச்சி மாணவர் விடுதியில், என் அறைக்கு எதிர் அறையில் இருந்தார். பெயர் பூச்சி அண்ணாச்சி. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது டெல்லியிலிருந்து வரும் நிராகரிப்புக் கடிதங்களுக்கு மட்டுமே பயன்பட்டது.

அவர் டாக்டர் பட்டம் வாங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. நிரந்தர வேலை கிடையாது. ஒரு ஆராய்ச்சித் திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் வரும்வரை பட்டினி விரதம். நாற்பதைத் தாண்டியும் விடுதி மெஸ்ஸில் எங்களோடு தட்டேந்தி வரிசையில் நின்றார். சாம்பாரில் பருப்பைத் தேடியபடியே, "இதுவும் ஆராய்ச்சிதாம்வே, இதுக்கும் நிதி கிடையாது" என்பார்.

அவருடைய வேலையை விளக்குவது எளிது. தாமிரபரணியில் கல்லுக்கடியில் ஒட்டிக்கிடக்கும் பழுப்பு நிறப் பூச்சிக் குஞ்சு ஒன்று உண்டு. மூன்று வால் இருக்கும். தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சிவப்புப் புழு ஒன்றும் உண்டு. அதற்குச் சாக்கடை என்றால் மாமியார் வீட்டு விருந்து. எந்த இடத்தில் எது எத்தனை என்று எண்ணினால் ஆற்றின் உடம்புக்கு என்ன என்று சொல்லிவிடலாம். மாதத்தின் முதல் ஞாயிறு பாபநாசத்தில் இறங்குவார். சேரன்மகாதேவி, வண்ணார்பேட்டை, சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோடு கீழே வந்து, கல்லைப் புரட்டி வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவார். பத்து வருடங்களுக்கு மேலாக ஒரு மாதம்கூட விட்டதில்லை. தங்கச்சி கல்யாணம் ஒரு முதல் ஞாயிறில் வந்தபோது முகூர்த்தம் முடிந்ததும் பட்டு வேட்டியோடு ஆற்றில் இறங்கியவர்.

"ஒரு மாசம் விட்டா எல்லாம் போச்சுவே," என்பார். "இடையில ஓட்டை இருந்தா, 'ஆறு கெட்டதா, நீரு தூங்கிட்டீரா'ன்னு கேப்பான். கேக்கவனுக்குத்தான் இந்த நாட்டுல பஞ்சமே இல்லையே. குடுக்கவனுக்குல்லா பஞ்சம்."

கொடுப்பவர்கள் கொடுக்கும் அழகை நான் சொல்லியாக வேண்டும். ஆற்றில் முக்கியமான காலம் ஐப்பசி, கார்த்திகை. மழை வந்து, ஊர் அழுக்கெல்லாம் ஆற்றில் இறங்கும் காலம். டெல்லியிலிருந்து பணம் வருவது பங்குனியில். அதுவும் மார்ச் கடைசி வாரம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காத பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். "கொடுத்த பணத்தையே செலவழிக்கத் தெரியவில்லை, உங்களுக்கு எதற்கு இன்னும்?" என்று ஒரு கடிதம் பின்னாலேயே வரும்.

"கார்த்திகையில வர்ற பூச்சிக்குப் பங்குனியில துட்டு குடுத்தா நான் என்னவே செய்ய? 'ஏட்டி பூச்சி, செத்த நேரம் அங்கனயே இரு, டெல்லியில ஃபைல் நவுருது'ன்னு அதுகிட்டப் போய்ச் சொல்லவா?"

ஒரு வருடம் வலைக்கும் பெட்ரோலுக்கும் கேட்ட பணம், நான்கு நாள் அவகாசத்தில் வந்தது. நான்கு நாளில் பெட்ரோலைக் குடித்தால்தான் தீரும். கடைசியில், ஏதாவது உபகரணம் வாங்கிக் கணக்கை முடித்துவிடுவோம் என்று துறைத் தலைவர் ஓர் ஏ.சி. வாங்கினார். பூச்சிகளுக்கு வாங்கிய ஏ.சி. துறைத் தலைவரின் அறையில் ஓடியது. அண்ணாச்சி அதன் கீழே போய் நின்று, "பூச்சி எங்கவே?" என்று கேட்டுவிட்டு வந்தார். அவர் யாரைக் கேட்டார் என்று துறையே ஒரு வாரம் விவாதித்தது.

எனக்கும் அவருக்கும் துறை வேறு. நான் வேதியியல். ஆனால் பசி ஒரே பாடம். என் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடந்தது. அப்பா சந்தையில் வாழைத்தார் சுமப்பவர். பள்ளிக்கூட வாசலை ஓட்டுப் போடத்தான் மிதித்திருக்கிறார். போனில் அவர் என்னைத் திட்டவில்லை. "படிக்கதுக்குத் துட்டு குடுக்காங்கன்னு சொன்னியே, யாருக்குலே குடுக்காங்க?" என்று மட்டும் கேட்டார். அறிவியல் மாநாடுகளில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை.

விண்ணப்பம் எழுதுவதில் அண்ணாச்சி பெரிய அரசியல் ஞானி. ஆட்சி மாறும்போது கட்சிக்காரன் துண்டு மாற்றுவதைப் போல அவர் தலைப்பை மாற்றுவார். ஏழைகளைப் பற்றி டெல்லி பேசிய காலத்தில், "ஏழை மக்களின் வாழ்வாதாரத்தில் நீர்ப்பூச்சிகள்." பழம்பெருமை பேசியபோது, "நம் முன்னோர் அறிந்திருந்த நீர்ப்பூச்சிகள்." தொழில்முனைவு பேசியபோது, "நீர்ப்பூச்சிகளும் இளைஞர் வேலைவாய்ப்பும்." கடைசியாக, "நீர்ப்பூச்சிகளும் செயற்கை நுண்ணறிவும்." பூச்சி அதே பூச்சி. ஆறு அதே ஆறு.

"அண்ணாச்சி, இது பொய் இல்லையா?" என்று கேட்டேன்.

"தலைப்புதாம்லே பொய். உள்ள ஒரு எண்ணு பொய்யா இருக்கான்னு பாரு. வாசல்ல எந்தக் கொடிய வேணாலும் கட்டிக்கிடுதேன், அடுப்படிக்குள்ள எவனும் வரக்கூடாது."

தேர்தல் காலத்தில் அவர் இன்னும் ஆபத்தானவர். வேட்பாளர்கள் கும்பிட்டுக்கொண்டு வந்தால் நாமெல்லாம் பதிலுக்குக் கும்பிடுவோம். அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொள்வார். "நாட்டு வருமானத்துல ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்குவீய? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க." காலையில் வந்த வேட்பாளர் கையை உருவ முடியாமல், உதவியாளரிடம், "அண்ணாச்சிக்கு முதியோர் பென்ஷன் வரல போலிருக்கு, எழுதிக்கோ" என்றார். மாலையில் வந்த எதிர்க்கட்சி வேட்பாளர் கொஞ்சம் விவரமானவர். "அதான் ராக்கெட் விடுதோம்லா, டிவியில பாக்கலையா?" என்றார்.

"ராக்கெட் போகட்டும்வே, நானும் கைதட்டுதேன். ராக்கெட் விடுதவன் குடிக்க தண்ணிய எவன் பாக்கது?"

அதற்குள் கொட்டுக்காரர்கள் கொட்டிவிட்டார்கள்.

இப்படியிருக்கையில்தான் டெல்லியே ஆற்றுக்கு வந்தது. மத்திய அமைச்சர் ஒருவர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கிவைக்க வருவதாக ஏற்பாடு. படித்துறைக்கு வெள்ளையடித்தார்கள். ஆற்றோரம் பந்தல் போட்டு, "ஆற்றின் உயிர்ச்செல்வம்" என்று ஒரு கண்காட்சி வைக்கச் சொல்லி அண்ணாச்சியின் துறைக்கு உத்தரவு. அவருடைய திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்புக் கோப்பு அதே அமைச்சகத்தில் கிடக்கிறது. அது வராவிட்டால் சம்பளம் இல்லை, விடுதி அறை இல்லை, ஆற்றில் இறங்கப் பெட்ரோல் இல்லை.

துறைத் தலைவர் அவரை ஏ.சி.க்குக் கீழே உட்காரவைத்துக் கெஞ்சினார். "டாக்டர், ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம இருந்திடும். கோப்பு பாஸாயிரும்."

"வாயத் திறக்கல. தட்ட மட்டும் வைக்கேன்," என்றார் அண்ணாச்சி. எங்களுக்கே ஆச்சரியம்.

இரண்டு தட்டு வைத்தார். ஒன்றில் பாபநாசத்துப் பூச்சிகள். பழுப்பாக, கல்லோடு கல்லாக, அடக்கமாகக் கிடந்தன. இன்னொன்றில் ஊரைத் தாண்டியதும் எடுத்த சிவப்புப் புழுக்கள். வெயில் பட்டு மினுமினுவென்று நெளிந்தன. அமைச்சர் முதல் தட்டைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது தட்டில் குனிந்தார். முகம் மலர்ந்தது. இந்தியில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்த அதிகாரி, "ரொம்ப அழகா இருக்காம். இது இந்த ஆத்துல மட்டும்தான் உண்டான்னு கேக்காங்க," என்றார்.

அண்ணாச்சி கொடுத்த வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. தாடை மட்டும் ஆடியது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அதிகாரியே, "ஆமா சார், நம்ம ஊர் ஸ்பெஷல்" என்று பதிலும் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மேடையேறிய அமைச்சர், இந்தப் புண்ணிய நதியின் செந்நிறச் செல்வத்தைக் காப்பாற்ற ஒரு தனித் திட்டம் வரும், நிதி வரும், விஞ்ஞானிகள் கவலைப்பட வேண்டாம் என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கவில்லை. துறைத் தலைவர் அண்ணாச்சியின் முழங்கையைக் கிள்ளினார். "பேசாம இரும்வே. பூச்சின்னா என்ன, புழுன்னா என்ன, துட்டு வருதுல்லா?"

அண்ணாச்சி எழுந்தார். நேராக மேடைக்குப் போய், மைக்கை வாங்கினார் என்பதைவிடப் பிடுங்கினார் என்பதே சரி.

"ஐயா, அது சாக்கடைப் புழு. அதக் காப்பாத்த நீங்க புதுசா ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கியளோ, அதையே பண்ணுங்க. தன்னால பெருகும்."

அமைச்சர் புன்னகையோடு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நீளமாக மொழிபெயர்த்தார். என்ன சொன்னார் என்று கடவுளுக்கும் அவருக்கும்தான் தெரியும். அமைச்சர் உருகிப்போய், அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்துப் பொன்னாடை போர்த்தினார். மறுநாள் பத்திரிகையில் படம். இந்திய வரலாற்றிலேயே பொன்னாடைக்குள் இருந்துகொண்டு அவ்வளவு கோபமாக முறைத்த முகம் வேறு இருக்காது.

கோப்பு வந்தது. பூச்சிகளுக்கு நீட்டிப்பு இல்லை. தேசிய முன்னுரிமைகளோடு பொருந்தவில்லையாம். ஆனால் செந்நிறச் செல்வத்துக்கு நிதி தயார். அண்ணாச்சி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், திட்டத் தலைவரே அவர்தான். பணம், அறை, பெட்ரோல் எல்லாம் உண்டு.

மெஸ்ஸில் அவர் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து வாதாடினோம்.

"வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி," என்றேன் நான். "அந்தத் துட்டுலயே பூச்சியையும் எண்ணலாம்லா? தலைப்புதான பொய், நீங்க சொன்னதுதான?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்று குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இது தலைப்பு இல்லலே. பத்து வருசமா அந்தப் புழு கூடுது, கூடுது, ஆறு சாவுதுன்னு எழுதியிருக்கேன். அதையே வளக்கேன்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கி என் எண்ண எவன் நம்புவான்? ஒரு மாசம் விட்டா ஒரு ஓட்டை. இதுல கையெழுத்துப் போட்டா பத்து வருசமும் ஓட்டை."

போடவில்லை. வேறொருவர் போட்டார். இன்று எங்கள் வளாகத்தில் புழு வளர்க்கச் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. நல்ல தண்ணீரில் புழு செத்துச் செத்துப் போகிறது என்பதால், லாரியில் சாக்கடைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். லாரி வாடகை ஐப்பசியிலேயே வந்துவிட்டது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நீங்கள் நினைக்கலாம். மிகைப்படுத்த அவர்கள் எனக்கு எங்கே இடம் வைத்தார்கள்? ஒரு மனிதனின் பத்து வருட உழைப்பை இரண்டு வரியில் கழித்துக்கட்டிய கை எது என்று தெரிந்தால், அந்தக் கைக்கும் ஒரு பொன்னாடை வாங்கிப் போகலாம் என்றிருக்கிறேன்.

அண்ணாச்சி விடுதியைக் காலி செய்தார். இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில், தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு உண்டு. முதல் ஞாயிறு மட்டும் வரமாட்டேன், சம்பளத்தில் பிடித்துக்கொள் என்று சேரும்போதே சொல்லிவிட்டாராம்.

அவர் விடுதியை விட்டபின் வந்த முதல் கார்த்திகை, முதல் ஞாயிறு. மழை. ஆறு செம்மண்ணாக ஓடியது. அந்த வெள்ளத்தில் ஒற்றை ஆளாக வலை பிடிக்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். உதவித்தொகை வராத ஆராய்ச்சியாளர்கள் ஏழெட்டுப் பேர், ஒருவரிடமும் சொல்லாமல், ஆளுக்கொரு பைக்கில் பாபநாசம் போய் நின்றோம். கணிதம், தமிழ், பொருளாதாரம் எல்லாம் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் ஒரு நன்றி சொல்வார் என்று பொருளாதாரம் எதிர்பார்த்தது.

"ஏலே கோட்டிக்காரப் பயலுவளா! கல்ல அப்படியாலே புரட்டுவ? பைய, பைய! அதுக்கு உசுரு இருக்குலே! அந்தத் தமிழ்க்காரன வெளிய ஏத்துங்க, தட்டுல காலை வைக்கான்!"

ஸ்ரீவைகுண்டம்வரைக்கும் வாய் ஓயவில்லை. டெல்லியைத் திட்டினார், சென்னையைத் திட்டினார், எங்களைத் திட்டினார், ஈரமான தீப்பெட்டியைத் திட்டினார். கடைசித் தட்டை எண்ணி முடித்து, மேலே ஏறக் கை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். வலையைவிட லேசாக இருந்தார். அவர் திட்டிக்கொண்டே இருக்கட்டும். இந்த ஆற்றுக்காகக் கோபப்பட எங்களுக்கு வேறு ஆள் இல்லை.