ஐஸ்லாந்தும் ஏழாம் பத்தியும்

1973 நவம்பர் 14, புதன்கிழமை. அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: காலை 6.10, பேரன்ஸ் கதவைத் தட்டினார். 6.25, சவரம். 6.40, ரொட்டி இரண்டு துண்டு, முட்டை ஒன்று. 7.05, பேருந்து. மழை. மாலை 7.30, உரை.

'உரை' என்ற சொல்லுக்குக் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறேன். மூன்றாவது கோட்டில் பேனா தாளையே கிழித்திருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மீனை உறையவைக்கும் முறைகளைப் படிக்கத் தூத்துக்குடியிலிருந்து வட ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வாடகைக்கு அறை தேடி ஏறிய முதல் ஏழு வீடுகளிலும் என் முகத்தைப் பார்த்ததும், "இப்போதுதான் ஒருவருக்குக் கொடுத்தோம்" என்றார்கள். எட்டாவது வீட்டுக்காரர் பேரன்ஸ், ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் பயந்தது ஒன்றுக்குத்தான். அந்த அறை போய்விடக் கூடாது.

ஊர் மாலைப் பள்ளியில் 'உலக நாடுகள் அறிமுகம்' என்று ஒரு தொடர் நடந்தது. ஐஸ்லாந்தைப் பற்றிப் பேசவிருந்த ஐஸ்லாந்து மாணவர், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டார். பள்ளியை நடத்திய திருமதி லூடர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் இந்தியாவைப் பத்திச் சரியா நாற்பது நிமிஷத்துல பேசி முடிச்சீங்களே. ஐஸ்லாந்து அதைவிடச் சின்னதுதான்."

(இந்தக் கணக்கை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன்.)

மாணவர் தன் நாட்டைப் பற்றிய கையேடு ஒன்றை விட்டுப் போயிருந்தார். பண்பாடு, அரசு, வெளியுறவு என்று மூன்று பகுதி. பள்ளியில் சரித்திரப் பாடத்தை எப்படிப் படித்தேனோ அப்படியே படித்தேன். பன்னிரண்டு பத்திகளாகப் பிரித்து, பதினொரு நாள், மாலை ஏழு முதல் எட்டு வரை, அறையில் நடந்துகொண்டே ஜெர்மனில் சத்தமாக ஒப்பித்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நாடாளுமன்றம் இரண்டாம் பத்தி. நம்மைப் போலவே குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வது நான்காம் பத்தி. வெளியுறவு ஏழாம் பத்தி.

உரை நாளன்று மதியம் ஆய்வுக்கூட உணவகத்தில் சிவம் அண்ணன் என் தாள்களை வாங்கிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கப்பல் எந்திரம் படித்துக்கொண்டிருந்தவர். ஏழாம் பத்திக்கு வந்ததும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஐசே, உமக்கென்ன விசரோ? இதையோ சொல்லப்போறீர்?"

வாங்கிப் பார்த்தேன். 'ஐஸ்லாந்துக்கு ராணுவம் இல்லை. மீன் மட்டுமே உண்டு. ஆகவே கரையிலிருந்து ஐம்பது மைல் கடலும் தனக்கே என்று அது சொல்வது முற்றிலும் நியாயமே.'

"இந்த ஊர்க் கப்பலெல்லாம் அந்த ஐம்பது மைலுக்குள்ளதான் மீன் பிடிச்சது. உம்மட வீட்டுக்காரன்ர வலையை அறுத்தது ஆர்? ஐஸ்லாந்துக் காவல் கப்பல்தானே?"

அந்தச் செய்தியைத் தினமும் பேப்பரில் படித்தவன்தான் நானும். வலை அறுந்த கதையைப் பேரன்ஸ் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் மனப்பாடம் செய்கிறவன் பொருளைப் பார்ப்பதில்லை, பக்க எண்ணைத்தான் பார்ப்பான்.

"அந்தப் பத்தியை விட்டிட்டுப் போம்."

"முடியாதுண்ணே. ஏழை விட்டா எட்டு வராது. எனக்கு லிங்க் கட் ஆயிரும்."

"அப்ப நான் ஒண்டும் செய்ய ஏலாது. மெல்லமாச் சொல்லும், ஒருத்தருக்கும் கேக்காம."

பிற்பகல் முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களை வேகமாகவும் மெதுவாகவும் சொல்லிப் பார்த்தேன். வேகமாகச் சொன்னால் ஒன்பது விநாடி.

மாலை 7.30. முப்பத்தெட்டுப் பேர். (எண்ணினேன். பயம் வந்தால் எண்ணுவது என் வழக்கம்.) முன்வரிசை நடுவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பேரன்ஸ்! அவர் வருவதாகச் சொல்லவே இல்லை. முதல் ஆறு பத்திகளும் ரயில் மாதிரி ஓடின. நான்காம் பத்தியில் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஏழு வந்ததும் குரலைத் தணித்தேன்.

"கொஞ்சம் சத்தமா!" என்றார் பின்வரிசை அம்மாள் ஒருவர்.

இங்கே என் நோயைச் சொல்லியாக வேண்டும். ஒப்பிக்கும்போது யாராவது இடைமறித்தால், விட்ட இடத்திலிருந்து எனக்குத் தொடர வராது. பத்தியின் தலைக்குத்தான் போக முடியும். போனேன். சத்தமாக. "ஐஸ்லாந்துக்கு ராணுவம் இல்லை. மீன் மட்டுமே உண்டு..."

"என்னது, நியாயமா?" கப்பல் தலைவராக இருந்த கிழவர் ஒருவர் எழுந்தார்.

மறுபடி தலை. "ஐஸ்லாந்துக்கு ராணுவம் இல்லை..."

"திரும்பத் திரும்பச் சொல்றான் பாரு! என்ன திமிர்!"

மீண்டும் தலை. திமிர் இல்லை ஐயா, திசை தெரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வாய் திறந்தால் ராணுவம் இல்லாத ஐஸ்லாந்துதான் வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. திருமதி லூடர்ஸ் கைக்குட்டையைப் பிசைந்தார். கடைசி வரிசையில் சிவம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நான்காவது முறை 'முற்றிலும் நியாயமே' என்று முடித்தேன். எட்டாம் பத்தி எங்கேயோ போய்விட்டது.

அப்போது முன்வரிசையிலிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது.

"ஐஸ்லாந்தின் செம்மறியாடுகள் குளிருக்கு அஞ்சாதவை."

பேரன்ஸ்! அதுதான் எட்டாம் பத்தியின் முதல் வரி. முப்பத்தேழு தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"என்ன பாக்குறீங்க? பதினொரு நாளா சுவர் வழியாக் கேக்குறேன்," என்றார் அவர் எரிச்சலாக. பிறகு என்னிடம், "ம், ஆடு. சொல்லு."

ஆட்டைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாம் பத்திவரை போய்ச் சேர்ந்தேன். கைதட்டல் இருந்ததா என்று டைரியில் இல்லை. நிமிர்ந்தபோது பேரன்ஸின் நாற்காலி காலி. தேநீருக்குக்கூட நிற்கவில்லை. அதுவரை அவர் என்னை ஒருமையில் அழைத்ததும் இல்லை.

"வீடு பாக்கத் தொடங்கும், ஐசே," என்றார் சிவம் அண்ணன். "என்ர அறையில ரெண்டு கிழமை இருக்கலாம். ஆனா ஒப்பிக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டினேன். சட்டை ஆறு, கால்சட்டை மூன்று, கையேடு ஒன்று.

இன்றும் வீட்டில் நான் பேசும்போது யாராவது குறுக்கிட்டால் கதையை முதலிலிருந்துதான் தொடங்குகிறேன். உடனே என் மகள் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பா ஏழாம் பத்திக்குப் போயிட்டாங்க!" என்று குரல் கொடுப்பாள். மனைவி உள்ளேயிருந்து ஆட்டு வரியை எடுத்துக் கொடுப்பாள்.

நவம்பர் 15, வியாழக்கிழமை. 6.10, தட்டவில்லை. 6.11, தட்டவில்லை. கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 6.13-க்குத் தட்டினார்.

"ஐஸ்லாந்துக்கு ராணுவம் இல்லை," என்றது கதவுக்கு வெளியே குரல்.

"மீன் மட்டுமே உண்டு," என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

"முட்டை ஆறுது, வா."

6.14, பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்தேன்.