சாம்பல்தீவு வீட்டைக் கொம்பியூட்டரில் கட்டிய விபரம்

உவர்மலை,
திருகோணமலை.
17.06.2004

அன்புத் தம்பி தவராசாவுக்கு அண்ணன் இரத்தினசிங்கம் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி கனகம்மாவும் இந்த வாடகை வீட்டின் ஒழுகாத அறையில் சுகமாக இருக்கிறோம். ரொறன்ரோவில் நீயும் பெண்சாதி பிள்ளைகளும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சுகத்துடன் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் வேண்டுதல்.

நிற்க. “கட்டப்போற வீட்டை முதல்ல கொம்பியூட்டரில பாத்திட்டுப் பிறகு கட்டுங்கோ அண்ணை, இப்ப உலகம் முழுக்க அப்படித்தான்” என்று மாசி மாதம் ரெலிபோனில் சொன்னாய். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்து மற்றவர்களின் துன்பங்களை முத்திரை குத்தி அனுப்பியவன் நான். இன்றைக்கு என் துன்பத்துக்கு நானே முத்திரை ஒட்டுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு எரிந்த நம் சாம்பல்தீவு வீட்டில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம் என்பது உனக்குத் தெரியும். சண்டை ஓய்ந்து ஒப்பந்தம் வந்ததும் வீட்டு நிவாரணத்துக்கு எழுதிப் போட்டு, இரண்டு வருடம் நடையாய் நடந்து, என் பெயரும் பட்டியலில் ஏறியிருந்தது. அந்த நேரத்தில்தான் உன் ரெலிபோன் வந்தது. நானும் ரவுணில் வீட்டுப் படம் கீறிக் கொடுக்கும் நஜ்முன் நிஸா என்ற பிள்ளையிடம் போனேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் வந்து போகிறவள், கெட்டிக்காரி. கோடு கீறும் வேலையை இரண்டே நாளில் முடித்துவிட்டாள். அதன் பிறகுதான் ‘ரெண்டர்’ என்று ஒன்று இருக்கிறதாம். வெயில் எந்தப் பக்கம், சுவர் என்ன நிறம், யன்னல் கண்ணாடியில் எந்த மரம் தெரிய வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தால், கொம்பியூட்டர் புள்ளி புள்ளியாக யோசித்து, போட்டோப் பிடித்த மாதிரியே ஒரு காட்சியைத் தருமாம். யோசிக்க அதற்கு ஒன்பது மணித்தியாலம் வேண்டும். இந்த ஊரில் ஒன்பது மணித்தியாலம் சேர்ந்தாற்போல் கரண்ட் நின்ற நாளை எனக்கு யாராவது காட்டட்டும். முதல் நாள் ஓடு மட்டும் வந்து நின்றது. அடுத்த நாள் மேல்மாடி வந்தது, அதைத் தாங்கக் கீழே ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை வாசற்படி வரும் நேரத்தில் கரண்ட் போக, நிஸா தலையில் கை வைத்துக்கொண்டு, “போஸ்ட்மாஸ்டர் ஐயா, உங்கட வீட்டை எரிச்சவனுக்கு இவ்வளவு நேரம் எடுத்திருக்காது” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாலு வருடத்தில் அந்த வீட்டை நினைத்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நாலாம் தடவை முழு வீடும் வந்தது. பார்த்தால் ஆளில்லை. “ஆள் இல்லாட்டி வீடு செத்துப்போய் இரிக்கிற மாதிரித் தெரியும் ஐயா, மாமியைக் கூட்டிட்டு வாங்க” என்றாள். கனகம்மாவை நிற்க வைத்துப் படம் பிடித்து, அதை வெட்டி எடுத்து, புது வீட்டு விறாந்தையில் நிறுத்தினாள். நிழலும் சரியாக விழுந்தது. கனகம்மா அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இவ ஆறுதலா நிக்கிறா, என்ன?” என்று யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அந்தச் சந்தோசத்தில் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துச் சுருட்டி, உன் தமக்கை வீட்டாருக்கும் காட்டலாம் என்று கொண்டு போனது என் பிழை.

சென்றிப் பொயின்றில் ஆமிக்காரன் படத்தை விரித்தான். “லஸ்ஸன கெதர” என்று சிங்களத்தில் வீட்டின் வடிவை மெச்சி, “எங்க இது?” என்றான். சாம்பல்தீவில் என்றேன். ஒரு கொப்பியைப் புரட்டிப் பார்த்து, அங்கே அப்படியொரு வீடு பதிவில் இல்லை என்றான். “ஓம், இன்னும் கட்டவில்லை” என்றேன். அவன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “கட்டாத வீட்டுக்குப் போட்டோ எப்படி? இந்த நோனா யாரு?” என் பெண்சாதி என்றேன். “நோனா எங்க இருக்கிறது?” உவர்மலையில், வாடகை வீட்டில் என்றேன். “அப்ப இங்க நிக்கிறது யாரு?” தம்பி, முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் இப்படியொரு கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை. நல்ல பெடியன், அடிக்கவில்லை, வெயிலில் நிற்க வைக்கவுமில்லை. படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பதியாத வீடு ஒன்று இருக்கிறது, விசாரிக்கவும் என்று ஊர் விதானையாருக்கு அனுப்பிவிட்டான்.

விதானையார் சாம்பல்தீவுப் பக்கம் போய் எத்தனையோ காலம். ஆமியின் கடிதத்துக்கு மறுத்து எழுத அவருக்குத் துணிவும் இல்லை. படத்தைப் பார்த்தே, ‘மேல்மாடியுடன் கட்டி முடிந்தது, குடியிருப்பாளர் விறாந்தையில் காணப்பட்டார்’ என்று அறிக்கை எழுதி, படத்தையும் இணைத்து நிவாரணக் கந்தோருக்குப் போட்டார். பத்தே நாளில் எனக்குக் கடிதம் வந்தது. நிரந்தர வீடு இருப்பதால் உங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது என்றிருந்தது. இரண்டு வருடமாக நகராத என் விண்ணப்பக் கோவை பத்து நாளில் ஓடிய வேகத்தைப் பார்த்து, ஒரு பழைய அரசாங்க ஊழியனாக எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நிவாரணக் கந்தோருக்கு ஓடினேன். அங்கே பாக்கியரத்தினம் என்ற எழுதுவினைஞர்.

“வீடு இல்லை ஐயா, அது கொம்பியூட்டரில செய்த படம்” என்றேன்.

“இல்லை எண்டதுக்கு அத்தாட்சி வேணும்.”

“வந்து பாருங்கோவன்.”

“வாகனம் இல்லை. வெறுங்காணியைப் படம் பிடிச்சுக் கொண்டு வாங்கோ.”

நிஸாவும் நானும் ஓட்டோ பிடித்துப் போனோம். உச்சி வெயில். நாயுருவியும் எருக்கலையும் இடுப்பளவுக்கு நிற்க, கிணற்றுக்குள்ளிருந்து ஓர் அரசமரம் தலை நீட்டிக்கொண்டிருந்தது. குசினி இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் படம் பிடித்தாள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

“ஐயா, நாங்களும் கொம்பியூட்டர் கண்டனாங்கள். கிணத்துக்குள்ள அரசமரம் முளைக்குமே? ஒரு பொருளுக்காவது நிழல் இருக்கே? இது செய்த படம். மற்ற மாடிவீட்டுப் படம்தான் உண்மை.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் தண்ணீர் தந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

நடந்ததைக் கேட்டதும் நிஸா கொம்பியூட்டரைத் திறந்தாள். “அவருக்கு நம்புற மாதிரி ஒண்டு குடுப்பம்” என்றாள். வெறுங்காணியைச் செய்யத் தொடங்கினாள். பற்றையைக் குறைத்தாள். அரசமரத்தைக் கிணற்றிலிருந்து பிடுங்கி வேலியோரம் நட்டாள். வெயிலைப் பின்னேரம் நாலு மணிக்கு மாற்றி, இடிந்த அத்திவாரத்துக்கு நீளமாக நிழல் போட்டாள். ஒரு காகத்தையும் இருத்தினாள். அதற்கும் ஒன்பது மணித்தியாலம். கரண்ட் ஒருதடவைகூடப் போகவில்லை. இல்லாத வீட்டைக் கட்டுவதற்குத்தான் இந்த ஊரில் கரண்ட் இல்லை, இல்லாமையைக் கட்டுவதற்குத் தாராளமாக இருக்கிறது.

பாக்கியரத்தினம் அதைக் கையில் எடுத்ததும் அவரின் முகம் மாறியது. “பாவம், நல்லா இருந்த வீடு போல” என்றார். “இதை முதலே கொண்டு வந்திருக்கலாமே” என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார். என் பெயர் மறுபடியும் பட்டியலில் ஏறிவிட்டது. பொய்ப் படத்தைக் கொடுத்து உண்மையை நிரூபித்த குற்றத்தை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நிஸா உனக்கு ஈமெயிலில் அனுப்பிய அந்த மேல்மாடிப் படத்தை இனி எவருக்கும் காட்டாதே. அறை இரண்டும் குசினியும் போதும், நம் கஷ்டம் தீர்ந்தது.

பத்திரகாளி அம்மன் உங்களைக் குளிரில் விறைக்காமலும், எங்களை வெயிலில் வாடாமலும் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளை அண்ணியும் நானும் உச்சிமோந்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வ. இரத்தினசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. நிஸா செய்த வெறுங்காணிப் படத்தை மேலதிகாரி நுணுக்கமாகப் பார்த்தாராம். அந்தக் காணியில் எவரும் வசிக்கவில்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரிவதாலும், நிவாரணம் காணியில் வசிப்பவர்களுக்கு மட்டுமே என்பதாலும், என் பெயர் நீக்கப்பட்டுள்ளதாம். நாளைக் காலை நிஸாவிடம் போகிறேன். ஓர் ஓலைக் கொட்டில் போதும் என்று சொல்லப்போகிறேன். அதன் வாசலில் நிற்பதற்கு அண்ணி இப்போதே தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.