ஒரு வாய் பான்கேக்கும் மூன்று வருஷச் சுவரும்

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஹாலுக்கு நடுவில் நின்று அறிவித்தார்.

"நாளைக்குக் காலையில கிச்சனுக்குள்ள யாரும் கால் வைக்கக் கூடாது. டிபன் என் பொறுப்பு. குட்டிக் குட்டி பான்கேக். ஒரு வாய்க்கு ஒண்ணு. குடும்பமே குஷியா சாப்பிடணும்."

தங்கை கை தட்டினாள். நானும் தட்டினேன். பான்கேக் என்றால் நான் எந்தக் கட்சிக்கும் தாவுவேன். ஆனால் உள்விஷயம் எனக்குத் தெரியும். மூடி மறைத்துப் பேச எனக்கு வராது, சொல்லிவிடுகிறேன். இது பாசம் இல்லை. தப்பிக்கிற வழி.

அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். எதிர்வீட்டு அக்காவின் சமையலறையை இரண்டே நாளில் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தார். எங்கள் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர் மட்டும் மூன்று வருஷமாக வெறும் சிமெண்ட். எண்ணெய் தெறித்துத் தெறித்து அதில் ஒரு உலகப்படமே விழுந்துவிட்டது. பாத்திரம் லேசாக இடித்தால் மணல் உதிரும். அம்மா ஒரு கையில் மூடியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டுதான் பாலே காய்ச்சுவாள். கட்டிலுக்கு அடியில் டைல்ஸ் பெட்டி ஆறு. கதவுக்குப் பின்னால் டைல்ஸ் பசைத்தூள் மூட்டை, பழையது கல்லாகிப்போய்ப் புதிதாக வாங்கியது. அதன்மேல்தான் நாங்கள் குடை வைக்கிறோம்.

கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில். "வர்ற ஞாயிறு." மூன்று வருஷத்தில் நூற்றைம்பது ஞாயிறு வந்தன. டீ குடித்துவிட்டுப் போயின. கடைசியில் அம்மா பொறுமையிழந்து காலண்டரில் நாளைய தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'சுவர்' என்று எழுதிவைத்தாள். அதைப் பார்த்த அரை மணி நேரத்தில்தான் அப்பாவுக்குப் பான்கேக் ஞானம் பிறந்தது. அன்பாகச் சமைக்கிற மனுஷனை எந்தப் பொண்டாட்டி சிமெண்ட் கரணை பிடிக்கச் சொல்வாள்?

நான் அம்மாவைப் பார்த்தேன். வெடிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"செய்யுங்களேன். எவ்வளவு நல்லா இருக்கும்!"

அப்பாவே ஒரு நிமிஷம் பயந்துவிட்டார்.

அம்மாவின் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். எப்பேர்ப்பட்ட பயில்வானும் அவளிடம் கையை நீட்டுவான். "அந்தப் பக்கம் பாருங்க. எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு? பெரியவ என்ன பண்றா?" என்பாள். அவன் பெரியவளைப் பற்றிப் பெருமையடித்து முடிப்பதற்குள் மூன்று குழாய் நிறைந்திருக்கும். பஞ்சை வைத்து அழுத்திவிட்டுக் கேட்பாள். "முடிஞ்சிடுச்சு. வலிச்சுதா?"

அந்தக் குரலில்தான் இப்போது அப்பாவிடம் கேட்டாள்.

"அது எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் திருப்பணும்ங்க?"

"ஒண்ணரை நிமிஷம். சின்ன அயிட்டம் பாரு, கண்ணெடுக்கக் கூடாது. கண்ணெடுத்தா கரி."

"அடுப்பை விட்டு நகரவே முடியாதா?"

"முடியவே முடியாது. அதெல்லாம் ஒரு தவம்."

"அப்படியா!" என்றாள் அம்மா. அவ்வளவுதான். போய்ப் படுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணி. அப்பா மாவு கரைத்திருந்தார். நாலு பேருக்கு அரை வாளி. மேஸ்திரி கை, கிண்ணக் கணக்கு வராது. மாவை சாஸ் பாட்டிலில் ஊற்றி, தவாவில் பொட்டுப் பொட்டாக வைத்தார். வரிசைக்கு அஞ்சு, நாலு வரிசை. பொட்டுக்கும் பொட்டுக்கும் அரை இஞ்ச் இடைவெளி. ஒன்றுகூட விலகவில்லை.

"கரணை பிடிச்ச கைக்குக் கரண்டி எம்மாத்திரம்!" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன். கிச்சன் வாசலுக்கு நேரே நாங்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்கு வந்த முதல் தட்டு பிரமாதம். ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. தங்கை ஒரே வாயில் மூன்று போட்டுக்கொண்டு பேச முடியாமல் கண்ணாலேயே பாராட்டினாள். அப்பா ஒரு அடி உயர்ந்துவிட்டார். ஏற்கெனவே ஆறடி. எக்ஸாஸ்ட் ஃபேனில் தலை இடித்தது.

கிச்சன் வாசல்படிக்கு வெளியே நின்றபடி அம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "என்னங்க, கொஞ்சம் மாவு குடுங்களேன்."

"எதுக்கு?"

"கெட்டியா இருக்கான்னு பாக்குறேன்."

"நல்லாப் பாரு. கத்துக்கோ." அப்பா கிண்ணம் நிறைய ஊற்றினார்.

இரண்டாவது தட்டு தவாவில் வெந்துகொண்டிருந்தபோது அம்மா மறுபடி வந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். ஒரு கையில் நாலு டைல். இன்னொரு கையில் துணி மூடிய கிண்ணம்.

"நீ எதுக்கு உள்ள வந்தே? யாரும் வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. நான் ஓரமா என் வேலையைப் பாக்குறேன். நீங்கதான் பாவம், நகர முடியாதே."

மேடையின் மறுகோடியில் போய் நின்றாள். முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு டைலின் பின்னால் எதையோ தடவினாள். மேடைமேல் நிறுத்திச் சுவரில் சாத்தி ஒரு அழுத்து அழுத்தினாள்.

அப்பாவின் தலை திரும்பியது.

"என்ன பண்றே?"

"டைல்ஸ் ஒட்டுறேன்."

"டைல்ஸா! ஏய், அது கோணலா இருக்கு!"

"இல்லையே."

"இருக்கு!"

"தவாவைப் பாருங்க, கருகுது."

அப்பா தவாவுக்குத் திரும்பி இருபதையும் சடசடவென்று புரட்டினார். அதற்குள் இரண்டாவது டைல் ஒட்டியாகிவிட்டது. அதன் ஒரு மூலைக்கு அடியில் அம்மா தீக்குச்சி ஒன்றைச் செருகியதை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயில் பான்கேக் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. காலியாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"ரசமட்டம் வெச்சுப் பாத்தியா?" அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"எதுக்குங்க ரசமட்டம்? கண்ணுக்கு நேராத்தானே இருக்கு."

"எந்தக் கண்ணுக்கு?"

"என் கண்ணுக்கு."

"நூல் அடிச்சியா?"

"துணி தைக்கவா போறேன், நூல் அடிக்க?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் தவாவில் ஒரு வரிசை கருகியது. மூன்றாவது டைல் இரண்டாவதன்மேல் தோளில் சாய்கிற தூக்கக்காரன் மாதிரி சாய்ந்தது. நாலாவதை அம்மா தலைகீழாகவே வைத்தாள். அதிலிருந்த பூ காம்பை மேலே தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது.

"பூ! பூ தலைகீழா இருக்குடி!"

"அப்படியும் அழகாத்தாங்க இருக்கு."

"இடைவெளி எங்க? டைலுக்கு நடுவுல பிளாஸ்டிக் சிலுவை வெக்கணும்!"

"எதுக்கு, யாராவது செத்துட்டாங்களா?"

தங்கை சிரித்ததில் பான்கேக் ஒன்று மேஜையைத் தாண்டிப் போனது. அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கண் தவாவில், ஒரு கண் சுவரில். திருப்புகிறார், சுவரைப் பார்க்கிறார், முனகுகிறார். இதற்குமேல் எந்த மேஸ்திரியும் தாங்கமாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா கடைசி ஊசியைப் போட்டாள். ரொம்ப மெதுவாக.

"சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வரேன்னாங்க. யார் ஒட்டினதுன்னு கேட்டா, நீங்கதான்னு சொல்லிடுறேன். உங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

"பிடி!" தோசைத்திருப்பி என் மடியில் வந்து விழுந்தது.

ஒரே தாவு. அப்பா முதல் டைலைப் பிடித்தார். விரல் பட்டதும் கழன்று கையோடு வந்தது.

"இது பசையா? கஞ்சி! பசை கலக்கக்கூடத் தெரியல, இதுல டைல்ஸ் ஒட்ட வந்துட்டா!" ஈரத்துணியால் சுவரை வழித்துத் துடைத்தார். "நகரு அந்தப் பக்கம். பசைன்னா எப்படி இருக்கணும்னு காட்டுறேன்."

குடைகளைத் தள்ளிவிட்டு மூட்டையை இழுத்து வந்தார். தையல் நூலைப் பிடித்து ஒரே இழு. இன்னொரு வாளியில் கொட்டினார், தண்ணீர் விட்டார், கலக்கினார். நூல் அடித்தார். ரசமட்டம் வைத்தார். பத்தே நிமிஷத்தில் முதல் வரிசை தண்டவாளம் மாதிரி நின்றது.

"அப்பாடா," என்றார்.

"போதுங்க," என்றாள் அம்மா. "மிச்சத்தை வர்ற ஞாயிறு பாத்துக்கலாம்."

"என்னது? கலந்த பசை ஒரு மணி நேரம்கூட நிக்காது. அத்தனையும் கல்லாயிடும். கலந்தவன் ஒட்டித்தான் ஆகணும். இது தொழில் தர்மம்!"

"ஐயோ, அப்படியா!" என்றாள் அம்மா.

அந்த 'அப்படியா'வை நான் சனிக்கிழமையே கேட்டிருந்தேன்.

அடுப்பு அம்மா கைக்குப் போனது. சுவர் அப்பா கைக்குப் போனது. ஒரு வாளிப் பசை தீர்ந்தபோது பாதிச் சுவர்கூட நிறையவில்லை. அரைகுறையாக விட மனசில்லாமல் அவராகவே இன்னொரு வாளி கலந்தார். அது தீர்ந்தபோது டைல் மிச்சம் இருந்தது. இன்னொரு வாளி. கையெல்லாம் பசை என்பதால் அம்மா பக்கத்தில் நின்று ஊட்டினாள். டைல் ஒன்று, பான்கேக் ஒன்று. ஒரு வாய் அளவு என்பதில் எவ்வளவு வசதி! வாய் நிறைந்திருந்ததால் அவரால் நிறுத்துகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. சொல்கிற மாதிரியும் தெரியவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரை மணிக்குக் கடைசி டைல் ஏறியது. நாங்கள் நாலு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். வெள்ளைச் சுவர். நீலப் பூக்கள், எல்லாம் தலை நிமிர்ந்து. அம்மா புறங்கையால் ஒருமுறை மெல்லத் தடவினாள். மணல் உதிரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது, நான் தின்ற நாற்பத்தெட்டு பான்கேக்கும் அதற்கு முன்னால் சும்மா என்று தோன்றியது.

அப்பா மீசையை முறுக்கினார். பசையோடு.

"பாத்தியா? தெரியாத வேலையில கை வெச்சே, மாட்டிக்கிட்டே. கடைசியில நான்தான் வந்து காப்பாத்த வேண்டியதாப் போச்சு. ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாங்க."

"இனிமே மூட்டையைத் தொடுவியா?"

"நான் எங்க தொட்டேன்?"

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கீழே கிடந்த தையல் நூலைப் பார்த்தார். காலி மூட்டையைப் பார்த்தார்.

"ஆமா... மூட்டையைப் பிரிச்சதே நான்தானே. அப்போ நீ எதை வெச்சு ஒட்டினே?"

தங்கை காலிக் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினாள். "நம்ம மாவுப்பா. சூப்பர் மாவு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அம்மா ஒரு பஞ்சை நனைத்து, அவர் மீசையிலிருந்த பசையை மெல்ல ஒற்றி எடுத்தாள்.

"முடிஞ்சிடுச்சுங்க. வலிச்சுதா?"