ரோகிணிக்கு நாலாவது கிளிக்

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். இந்த வருடம் அந்தக் கூட்டத்தில் பாதி வழியிலேயே, ஒரு தகரக் கொட்டகையின் முன்னால் நின்றுவிட்டது. பெருமாளுக்கு மலை ஏற வேண்டும். இந்தச் சாமிக்கு பிரேக்கை மிதித்தால் போதும்.

கொட்டகை இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் இருந்தது. சாமியின் பெயர் மலைச்சாமி. மூன்று வருடத்துக்கு முன்பு வரை அதே கொட்டகையில் கார்களுக்கு சீட் கவர் மாட்டிக்கொண்டிருந்தார். சீட் கவர் மாட்டத் தாடி தேவைப்படவில்லை, இப்போதைய தொழிலுக்குத் தேவைப்பட்டது. வளர்த்துக்கொண்டார். வாசலில் 'வாகன சித்தர்' என்று பலகை தொங்கியது.

தொழில் இதுதான். கார் பள்ளத்தில் விழுந்து எழும்போது உள்ளே இருப்பவர்களின் இடுப்பைக் காப்பாற்றுவது சஸ்பென்ஷன். சுருள் ஸ்பிரிங் குதிக்கும், ஷாக்கப்சர் அந்தக் குதிப்பை அடக்கும். வேகப் பிரியர்கள் கம்பெனி போட்டதைக் கழற்றிவிட்டு, வேண்டியபடி விறைப்பைக் கூட்டிக் குறைக்கிற ஒன்றை மாட்டுவார்கள். அதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். திருகினால் கிளிக் கிளிக் என்று விறைப்பு ஏறும். இதுவரைக்கும் விஞ்ஞானம். இதற்கு மேல் மலைச்சாமி.

அவர் விற்ற குமிழைச் சுற்றி அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு நட்சத்திரங்களும் அச்சாகியிருந்தன. எந்த ரோட்டில் ஓட்டுவாய், எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அவர் கேட்கமாட்டார். பிறந்த நட்சத்திரம் என்ன என்பார். லைசென்ஸ் இல்லாமல் வருகிறவர்கள்கூட ஜாதகம் இல்லாமல் வரமாட்டார்கள். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி வியாபாரி சாதிக் பாட்சா வந்தபோது ஒரு சின்னச் சிக்கல்.

"எங்க ஆளுகளுக்கு நட்சத்திரம் பாக்குற பழக்கம் கெடையாதே சாமி?"

"அதனால என்ன பாய்? பொறந்த கெழமையச் சொல்லும். ஸ்பிரிங்குக்கு எந்த மதமும் கெடையாது."

பாய் நெகிழ்ந்துபோனார். மத நல்லிணக்கம் என்றால் இதல்லவா! ஏமாற்றுவதில் பேதம் பார்க்காத மனிதர் இந்தக் காலத்தில் கிடைப்பது அபூர்வம்.

இந்தக் கூட்டத்தில்தான் நம்முடைய ஜெயபாண்டியும் போய் நின்றான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருப்பவன். இன்ஜினியரிங் படித்தவன். அதை மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு சிவப்புச் சின்னக் கார் வாங்கினான். உருவம் சிறியது, உறுமல் பெரியது. ஊரில் கொஞ்சம் வசதி வந்த அத்தனை பேரிடமும் அந்த மாடல்தான் நின்றது. சாதிக் பாட்சாவிடமும் அதே மாடல், மலைச்சாமியிடமும் அதே மாடல்.

வாங்கிய கையோடு சஸ்பென்ஷனை மாற்றும் ஆசை வந்தது. அதற்காக அவன் பார்க்காத வீடியோ இல்லை. ஒருவன் விறைப்பாக வை என்றான், ஒருவன் மெதுவாக வை என்றான், மூன்றாமவன் தரையோடு தரையாக இறக்கு என்றான். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் முற்றியது.

மனைவி முனீஸ்வரி ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, நம்ம தெருவுக்குள்ள எத்தன ஸ்பீடு பிரேக்கர் இருக்கு, வண்டில யாரு யாரு ஏறப்போறோம்னு யோசிச்சீங்களா? அதுக்குத் தக்கன ஒரு நல்ல மெக்கானிக்கு கிட்ட கேட்டா முடிஞ்சு போச்சு."

இவ்வளவு எளிமையான யோசனையை எந்த இன்ஜினியராவது ஏற்றுக்கொள்வானா? ஜெயபாண்டி மலைச்சாமியிடம் போனான்.

மலைச்சாமி நூலில் கட்டிய ஒரு ஈயக் குண்டை பானட்டின் மேல் தொங்கவிட்டார். குண்டு ஆடியது. நூலைப் பிடித்த கை ஆடினால் குண்டு ஆடாமல் என்ன செய்யும்? "ரோகிணி. நாலாவது கிளிக்," என்றார். நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. நீல நிறத்தில் பளபளவென்று நான்கு புது ஷாக்கப்சர்கள் ஏறின. முன்பக்கக் குமிழ்கள் பானட்டுக்குள், பின்பக்கக் குமிழ்கள் டிக்கிக்குள்.

"பழச எடுத்துட்டுப் போகட்டுமா சாமி?"

"தொடாதீரும்! வண்டி பட்ட தோசமெல்லாம் அதுலதான் இருக்கு. வீட்டுக்குள்ள கொண்டுபோனீர்னா கருவுக்கு ஆகாது. அத நான் பாத்துக்கிடுதேன்."

முனீஸ்வரிக்கு அப்போது ஏழாவது மாதம். ஜெயபாண்டி இரண்டடி பின்னால் நகர்ந்தான். பழையதை மலைச்சாமி எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

புதுச் சஸ்பென்ஷனில் வண்டி வீடு வந்து சேர்ந்தது. ஒரு குழியில் விழுந்தால் அடுத்த குழி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே போயிற்று. ஜெயபாண்டிக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் முனீஸ்வரி அதில் ஏறினாள். தெருமுனை வேகத்தடையில் வண்டி குதித்தது, இறங்கியது, மறுபடி குதித்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "நிறுத்துங்க" என்றாள். வயிறு கல்லாக இறுகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி போட்டு, செத்த நேரம் படுக்கவைத்து, வலி அடங்கியதும் ஜெயபாண்டியைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே இந்த மாதிரி குலுங்கவிடாதீங்க. குறைமாசத்துல வலி வந்துட்டா பிள்ளைக்கு ஆபத்து."

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை. ஜெயபாண்டி வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். முன் ஷாக்கப்சரிலிருந்து எண்ணெய் கோடாக வழிந்துகொண்டிருந்தது. நல்ல மனிதன் அப்போதாவது ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். மலைச்சாமிக்குப் போன் போட்டான்.

"எண்ணெயா? அது எண்ணெயில்ல தம்பி. தோசம் வடியுது! நல்ல சகுனம். ஒம்ம சம்சாரம் ஏறுறதுனால வண்டிக்கு நட்சத்திரக் கொழப்பம். அவிய நட்சத்திரம் என்ன, பூசமா? சனிக்கெழம கூட்டிட்டு வாரும். எட்டாவது கிளிக்குக்கு மாத்திருவோம்."

ஞாயிற்றுக்கிழமை தளவாய்புரத்தில், முனீஸ்வரியின் அம்மா வீட்டில் வளைகாப்பு. அவளை அதே காரில்தான் கூட்டிப்போவேன் என்று ஜெயபாண்டி ஒற்றைக்காலில் நின்றான். பூசத்துக்கு மாற்றிவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் மனசார நம்பினான். அதுதான் பயங்கரம். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டுத் திருத்திவிடலாம். நல்ல எண்ணத்தோடு ஒருவன் பெண்டாட்டி பிள்ளையைக் குழியில் தள்ளப் பார்த்தால் என்ன செய்வது?

முனீஸ்வரி சண்டை போடவில்லை. அவள் ஸ்பின்னிங் மில்லில் நூல் பரிசோதிக்கும் லேபுக்குப் பொறுப்பாளர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினில் ஓடிய நூல் என்கிற சீட்டை மறைத்துவிட்டுத்தான் சோதிக்கக் கொடுப்பார்கள். பெயர் தெரிந்தால் கை அந்தப் பெயருக்குத் தகுந்தபடி அளக்கும்.

"சனிக்கெழம நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க. நான் டவுன் பஸ்ஸுல வாரேன்," என்றாள்.

"ஏட்டி, கார வச்சிக்கிட்டு பஸ்ஸுலயா?"

"பஸ்ஸு இம்புட்டு ஆட்டாது."

சனிக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. முனீஸ்வரி மெல்ல நடந்து வந்து மலைச்சாமியைக் கும்பிட்டாள். கூட்டம் உச்சுக்கொட்டி நாற்காலி போட்டது.

"சாமி, எனக்கு ஒரு ஆசை. ஒங்க குமிழோட மகிமைய எல்லாரும் பாக்கணும். ஆளுக்கு ரெண்டு தடவ இந்த வண்டில ஏறி, முன்னால இருக்க ஸ்பீடு பிரேக்கர்ல போயிட்டு வரட்டும். ஒரு தடவ அவங்கவங்க நட்சத்திரத்துல வைப்பேன், ஒரு தடவ வேற நட்சத்திரத்துல. எது எதுன்னு நான் சொல்லமாட்டேன். அவங்க சொல்லட்டும்."

மலைச்சாமி தாடியைத் தடவினார். அவருக்குப் பயமே இல்லை. இத்தனை நாளில் ஒருவராவது வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னதுண்டா? "தாராளமா செய்யி தாயி," என்றார். நாலு பேர் போனில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் சின்னக்கருப்பன் ஏறினார். ரிட்டயர்டு ஏட்டு. மூல நட்சத்திரம். முனீஸ்வரி பானட்டைத் திறந்து உள்ளே கையை விட்டாள். கிளிக், கிளிக் என்று கேட்டது. மூடினாள். டிக்கியிலும் அப்படியே. ஜெயபாண்டி ஓட்டினான். இரண்டு சுற்று முடிந்து ஏட்டு இறங்கியபோது முகம் சிவந்திருந்தது.

"மொதச் சுத்து ஆகாது. எவனோ முதுகுல மிதிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டாவதுதான் மூலம். பஞ்சு மெத்த!"

கூட்டம் கைதட்டியது. அடுத்து சாதிக் பாட்சா. "மொதச் சுத்துதான் என் வியாழக்கெழம. அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன், தெளிவாத் தெரியுது."

அடுத்து ஜெயபாண்டி. வண்டியை ஏட்டையாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் சுற்றில் எரிச்சல் வந்தது. இரண்டாவது சுற்றில் நெஞ்சுக்குள் ஒரு குளுமை இறங்கியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இறங்கி, "ரெண்டாவது ரோகிணி! இதக்கூட உணர முடியலைன்னா மனுசன் என்ன மனுசன்?" என்று மனைவியைப் பெருமையாகப் பார்த்தான்.

கடைசியில் மலைச்சாமியே ஏறி இரண்டு சுற்றும் போனார். வேகத்தடை அவரையும் தூக்கிப்போட்டது. சாமியாராக இருந்தாலும் தலை கூரையில் இடிக்கத்தான் செய்யும். தடவிக்கொண்டே இறங்கி, "இப்ப வண்டி பூசத்துல நிக்குது," என்று அறிவித்தார்.

"நிச்சயமா சாமி?"

"பூசம்! சித்தன் வாக்கு தப்பாது."

முனீஸ்வரி பானட்டை அகலத் திறந்தாள். "எல்லாரும் கிட்ட வாங்க. பூசம் எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தார்கள். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த பசை மட்டும் இருந்தது. முனீஸ்வரி கைப்பையைக் கவிழ்த்தாள். இருபத்தேழு நட்சத்திரங்களுடன் நான்கு குமிழ்கள் நாற்காலியில் உருண்டன.

"காலையில வீட்டுல தொட்டேன், கையோட வந்துருச்சு. எதுலயும் சேரல, சும்மா ஒட்டி வச்சிருக்கு. உள்ள ஒரு பிளாஸ்டிக் பல்லு, அதான் சத்தம்." ஒன்றை எடுத்து விரலால் திருகினாள். கிளிக். "இதக் கைக்குள்ள வச்சுத் திருகுனேன். வண்டிய யாரும் தொடல. நீங்க எல்லாரும் எட்டுத் தடவையும் ஒரே வண்டில, ஒரே மாதிரிதான் போயிட்டு வந்திருக்கீங்க."

ஜெயபாண்டிக்குக் காது கொதித்தது. வீட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் குமிழே இல்லாத வண்டியில்தான் அவன் ரோகிணியை அனுபவித்துக்கொண்டு வந்திருக்கிறான். கண்ணில் வந்த தண்ணீர் வேறு இன்னும் காயவில்லை.

"குமிழு வெறும் அடையாளம்! சக்தி ஷாக்கப்சருக்குள்ள இருக்கு!" என்று மலைச்சாமி சுதாரித்தார்.

"அதையும் பாத்துருவோம்," என்று முனீஸ்வரி கார்ச் சாவியைக் கணவனிடம் நீட்டினாள். "புதுசுன்னா மூணே நாள்ல எண்ணெய் ஒழுகுமா? அடியில போயி அந்த நீலப் பெயிண்டச் சொரண்டுங்க."

ஜெயபாண்டி மண்ணில் படுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் சாவியால் சுரண்டினான். நீலம் உதிர்ந்து ஆரஞ்சு நிறம் தெரிந்தது. எட்டிப் பார்த்த சாதிக் பாட்சா அலறினார்.

"யா அல்லா! இது என் வண்டில இருந்ததுலே! ஸ்டைலா இருக்கட்டும்னு நாந்தான் ஆரஞ்சு அடிச்சேன். எண்ணெய் ஒழுகுதுன்னு கழட்டிப்போட்டதக் கொண்டுபோயி இங்க மாட்டியிருக்கான்!"

அப்போது ஜெயபாண்டிக்கு எல்லாம் விளங்கியது. ஒருவன் கழற்றிப்போட்ட ஓட்டை அடுத்தவனுக்குப் புதுசு. அப்படியானால் அவனுடைய நல்ல ஷாக்கப்சர்கள் எங்கே? கொட்டகையோரம் நின்ற மலைச்சாமியின் காருக்கு நேரே போய் பானட்டைத் தூக்கினான். ஒரு குமிழ்கூட இல்லை. சக்கரத்துக்குப் பின்னால், ஒரு வருடம்கூட ஓடாத கம்பெனி ஷாக்கப்சர்கள் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் நின்றன.

"சாமி, ஒமக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டான். "என் பிள்ளைக்கு வந்த ஆபத்துய்யா அது! அத நல்ல சகுனம்னு சொன்னீரே!"

மலைச்சாமி வேட்டியை மடித்துக்கட்டி ஓடப் பார்த்தார். ஏட்டையா தாடியைக் கொத்தாகப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுகையால் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். முதல் தடவையாக அந்தத் தாடி யாருக்கோ பயன்பட்டது.

ஜெயபாண்டி மனைவியின் அருகில் வந்து தலைகுனிந்து நின்றான். "நாளைக்கு எதுல போகலாம், நீயே சொல்லு."

"நம்ம பழசத் திருப்பி மாட்டி, மெக்கானிக்கு ஓட்டிப் பாத்து சரின்னு சொல்லட்டும். பொறவு யோசிப்போம்," என்றாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நம் ஜனங்கள் விடுவார்களா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். கையில் ஜாதகம் இருந்தது.

"தாயி, நீங்கதான் உண்மையான சக்தி. அவன் போலி. எனக்குச் சித்திரை நட்சத்திரம். எம் வண்டியத் தொட்டு ஒரு வாக்குச் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் அதற்குள் பத்துப் பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

முனீஸ்வரி அந்த வரிசையைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். அத்தனை நேரம் வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"அண்ணே, செருப்ப மாட்டுங்க. வண்டியோட ஒரு மூலைய அமுக்கி விடுங்க. ஆட்டம் நிக்காம குதிச்சுக்கிட்டே இருந்தா மெக்கானிக்கு கிட்ட போங்க. வண்டிக்கு அம்புட்டுத்தான் வைத்தியம். ஒங்களுக்கு வைத்தியம் வேணும்னா, கழுத்துக்கு மேல ஒரு மூள இருக்கு. பொறந்ததுல இருந்து புதுசாவே கெடக்கு, இன்னிக்காச்சும் எடுத்து ஓட்டுங்க!"