கழன்ற பல்லுறையும் வைக்காத போனும்

2019 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரில் காலை முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்காற்று சன்னல்களை உலுக்கியது. அன்று மாலை ஓர்லின் சுண்ட்குவிஸ்ட் தம் மனைவி மாரெனிடம் வீரசபதம் செய்தார்.

"இன்னிக்கு மட்டும் அந்த வசூல்காரி கூப்பிடட்டும். கிழிச்சுத் தோரணம் கட்டிடறேன்!"

சபதத்தில் நியாயம் இருந்தது. பல் மருத்துவமனையில் அவருடைய கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட உறை, முதல் ரொட்டித் துண்டிலேயே கழன்று வந்துவிட்டது. மீண்டும் பொருத்தித்தர அவர்கள் மறுத்தார்கள். பணம் தர இவர் மறுத்தார். உடனே கடனை வசூல் நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். தொள்ளாயிரம் டாலர். புது ஹீட்டர் வாங்க மாரென் சேர்த்துவைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவே.

"கிழிக்கவெல்லாம் வேணாம். 'சிகிச்சை சரியில்ல, மறுப்பை எழுதி அனுப்பியாச்சு, இனி தபால்ல பேசுங்க'ன்னு சொல்லிட்டு வைங்க. ஒரு டாலர் குடுத்தாலும் கடனை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள் மாரென்.

"என்னை என்ன பச்சப்புள்ளைன்னு நெனச்சியா?"

போன் அடித்தது.

"தர முடியாது!" என்று முழங்கினார் ஓர்லின்.

மறுமுனையில் அந்தப் பெண் இருமினாள். அவ்வளவுதான்.

"ஐயையோ, சளியாம்மா? அங்கயும் குளிரா?"

"டெக்சாஸ் சார். விடாம மழை."

"மழையா! இங்க பனி. பரவால்ல, இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

எதிராளியே ஆனாலும் நலம் விசாரிக்காமல் போனை வைப்பது அந்த ஊரில் பெரும் அநாகரிகம். "சரி, அப்போ..." என்று விடைபெறத் தொடங்கினால், உண்மையாக விடைபெறுவதற்குள் பாதி மாலை போய்விடும். அவளுடைய அம்மாவின் மூட்டுவலி, அவளுடைய பூனை, உறைந்த ஏரியில் இவர் பிடிக்கத் தவறிய மீன் என்று யாவும் பேசி முடிந்தன. இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பில் சுட்டெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் மேசையில் ஆறி, மேலே ஆடை படர்ந்தது.

"பாவம், வசூல் ஆகலன்னா உன்னைத் திட்டுவாங்க இல்ல? வேணும்னா ஒரு இருபது டாலர்..."

மாரென் போனைப் பறித்து வைத்தாள்.

"தோரணம் எங்கங்க?"

"அந்தப் பொண்ணுக்கு இருமல், மாரென்."

"நம்ம ஹீட்டருக்கும்தான் இருமல்!"

மறுநாள் காலை அவளே பல் மருத்துவமனையைப் போனில் அழைத்தாள். இரண்டே வாக்கியம் பேசிவிட்டு வைத்தாள்.

அதன்பின் நடந்தவை இவை: அந்த வாரத்துக்குள் மருத்துவமனை கடனைத் திரும்பப் பெற்று ரத்து செய்தது. வசூல் நிறுவனம் மீண்டும் அழைக்கவில்லை. புது ஹீட்டர் வந்தது. தம்முடைய முழக்கத்துக்கு அஞ்சியே அவர்கள் பணிந்தார்கள் என்று ஓர்லின், ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் காப்பி மேசையில் அனைவருக்கும் விளக்கினார்.

"அப்ப நீ யாரையும் மெரட்டலையா, மாரென்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் ஏன் மெரட்டப்போறேன்? 'கணக்கை ரத்து பண்றீங்களா? இல்ல, எங்க வீட்டுக்காரரை அந்தப் பல்லுறையோட கூட்டியாந்து, உங்க நோயாளிங்க நடுவுல தெனமும் உக்கார வைக்கட்டுமா, அவருக்கும் பேச ஆள் கெடச்ச மாதிரி இருக்கும்?'னுதான் கேட்டேன்."