கோகிலா ரத்தம் கொடுத்த விஷயமாக மச்சானுக்கு எழுதியது

காஜா பெராங், மலாக்கா,
14.10.1957

சிரம்பானில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் கலியாணசுந்தரம் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் சுப்பையன் வணங்கி எழுதுவது. இங்கு நான் சுகம், பிள்ளைகள் சுகம். உங்கள் தங்கை கோகிலாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நடந்ததைப் பார்த்தபின் அதை எழுதக் கை வரவில்லை. உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போன வியாழக்கிழமை நான் வழக்கம்போல் முனிசிபல் வேலையாக வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்தால் அடுப்பு பற்றவைக்கவே இல்லை. சின்னவள் வாசலில் நின்று, "அம்மா ஆஸ்பத்திரில இருக்குப்பா, ரத்தம் போவுதாம்" என்றாள். சைக்கிளை எப்படி மிதித்தேன், வழியில் யார் மேல் இடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தால் உங்கள் தங்கை ஒரு கட்டிலில் சாய்ந்தபடி தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், முழங்கையில் ஒரு கட்டு. "என்னடி ஆச்சு?" என்று அலறினேன். "ஒன்னுமில்லீங்க, மும்தாஜுக்கு ரத்தம் கொடுத்தேன்" என்கிறாள், பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை சீனி கொடுத்த மாதிரி!

மும்தாஜ் யாரென்றால், எங்கள் பக்கத்து வீட்டு மளிகைக் கடை அலி அக்பரின் சம்சாரம். அன்று விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்ததாம், பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். புருஷன் ரத்தம் சேரவில்லை. டாக்டர் வேறு ஆள் கொண்டுவரச் சொல்ல, அந்த மனுஷன் எங்கள் சந்துக்கு ஓடிவந்து காப்பிக்கடை முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறார். ஒருத்தருக்கு அப்போதே காய்ச்சல் வந்துவிட்டது, ஒருத்தர் முருகனுக்கு விரதம் என்றார், எதிர்வீட்டுத் தியாகு தன் ஆடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டதாக எழுந்து போனான். அவனிடம் ஆடே கிடையாது. தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு நின்ற உங்கள் தங்கைதான், "அண்ணே, பொம்பளை ரத்தம் ஆகுமா?" என்று கேட்டுவிட்டு அவர் பின்னாலேயே போயிருக்கிறாள். பரிசோதித்தார்களாம், பொருந்திவிட்டதாம்.

நான் மீட்டர் பார்க்கிறவன். நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டு, "உள்ள எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு எடுத்தீங்க, மீதி எவ்வளவு?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிக்காமல், "எட்டு ஒம்பது பைண்டு இருக்கும் அண்ணே, எடுத்தது ஒரு பைண்டுகூட இல்ல. கொஞ்ச நாள்ல தானா ஊறிடும்" என்றாள். "ஊறுறதுக்கு இது என்ன கிணறா? எடுத்ததைத் திருப்பி ஏத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து அடுத்த அறை வாசலுக்குக் கூட்டிப்போய், "இப்ப எங்கேர்ந்து எடுக்கச் சொல்றீங்க?" என்றாள்.

அங்கே பாட்டில் தலைகீழாகத் தொங்குகிறது. சொட்டுச் சொட்டாக இறங்குவது என் வீட்டில் எனக்குச் சோறு போடுகிறவளின் ரத்தம். மும்தாஜ் முகம் சுண்ணாம்புச் சுவர்போல் இருந்தது. அலி அக்பர் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணே, காலையில இந்தக் காலு ஐஸு மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் சூடு வருது. பொறந்த பிள்ளைக்கு உம்மா உயிரோட இருக்கா அண்ணே" என்று சொல்லிக் குழந்தைபோல் அழுதார். சண்டை போட வந்தவன், அவர் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். புறப்படும்போது மிஸ்ஸி ஒரு பெரிய புத்தகத்தை விரித்தாள். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் பெயர், விலாசம், ரத்த வகை எல்லாம் எழுதும் புத்தகமாம். கோகிலா பேனாவை வாங்கினாள். "புருஷன் கையெழுத்து வேணாமா?" என்றேன். "நாட்டுக்கே மெர்டேக்கா வந்து, சுதந்திரம் கிடைச்சு ஆறு வாரமாச்சு. என் ரத்தத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கிறேன்" என்று சொல்லிப் போட்டாள் மச்சான்!

வீட்டுக்கு வந்தாவது சும்மா இருந்தாளா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் பதினோரு பெண்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். பெயர் எழுதி வச்சிருந்தா, அடுத்த தடவை எந்த மனுஷனும் தெருவில நின்னு கும்பிட வேண்டியதில்லை" என்று பேசுகிறாள். செமாபோக்கிலிருந்து வந்திருந்த சந்திரமதியம்மாள் அங்கேயே கையை நீட்டி நரம்பு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறாள். அவர்கள் புருஷன்மார் எல்லாரும் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். காப்பிக்கடையில் தியாகு, "ஒன் பொண்டாட்டி ரத்தம் அந்தம்மா ஒடம்புல ஓடுதுன்னா, அலி அக்பர் ஒனக்குச் சகலை முறை ஆவுதா?" என்று கேட்டான். அப்படியானால் அவர் உங்களுக்கும் மச்சான்தான், யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து, அந்தப் புத்தகத்திலிருந்து பெயரை அடிக்கும்படி உங்கள் தங்கைக்கு நீங்கள்தான் உத்தரவிட வேண்டும். நான் சொன்னால் சோறு வைக்கும் சத்தம் மாறுகிறது. அதற்குமேல் எனக்குப் பலமில்லை. உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆண்டவன் நல்ல படிப்பையும் அடக்கத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அதிர்ச்சியிலிருந்து இன்னும் எழாத
சுப்பையன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரி ஆள் சைக்கிளில் வந்துவிட்டான். குருபோங் பக்கம் லோரி கவிழ்ந்து நல்லையா என்ற ஒருவருக்குத் தொடை நசுங்கிவிட்டது, ரத்தம் வேண்டும் என்றான். கோகிலா இனி சில மாதம் கொடுக்கக் கூடாதாம். அவள் என்னைப் பார்த்தாள். ஆணியிலிருந்து என் சட்டையை எடுத்து நீட்டினாள். போனேன். என் ரத்தம் பொருந்திவிட்டது. ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடினேன், திறந்தபோது எடுத்து முடித்திருந்தார்கள், நான் வேறு கட்டிலில் கிடந்தேன். மயக்கம் இல்லை, அசதி. அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். அவர் மகன் என் காலில் விழப்போனான், நானே தடுமாறி அவன் மேல் விழுந்தேன். பிறகு எழுந்து புத்தகத்தில் என் பெயரையும் எழுதினேன், கோகிலா பெயருக்கு நேர் கீழே. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போட்டுவிடவும். சனிக்கிழமை அவசியம் வரவும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரவும். உங்கள் பெயருக்கும் மிஸ்ஸியிடம் ஒரு வரி விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.